பால்காரியின் தாய்ப்பத்திரம்

எங்கள் வீட்டில் கதைப் புத்தகங்கள் குறைவு, பத்திரங்கள் ஏராளம். அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு பெஞ்சு. இடம் வாங்குகிறேன் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் விலை என்ன, எத்தனை சென்ட் என்றெல்லாம் முதலில் கேட்க மாட்டார். "தாய்ப்பத்திரம் கொண்டாந்தீங்களா?" என்பார். பிறகு அந்தக் கட்டைக் கடைசித் தாளிலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டே போவார். யாரிடமிருந்து யாருக்கு, கிரயமா, பாகமா, தானமா, ஏலமா, நடுவில் எங்காவது கண்ணி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எதைக் கண்டாலும் "இது இதற்கு முன்னால் யாரிடம் இருந்தது?" என்று தோன்றுவது அங்கிருந்து வந்த வியாதி.

அலுவலக வேலையாக ஆம்ஸ்டர்டாம் போனபோது ஒரு மதியம் ஓய்வு கிடைத்தது. அங்குள்ள தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியம் போனேன். கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த 'பால்காரி' படத்தின் முன்னால் போய் நின்றேன். முதலில் தோன்றியது, இவ்வளவு சின்னதா என்றுதான். உயரம் 45.5 சென்டிமீட்டர், அகலம் 41. எங்கள் வீட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கும் முருகன் படம் இதைவிடப் பெரிது.

படத்தில் நடப்பது ஒன்றுமே இல்லை. ஒரு பெண் மண் ஜாடியிலிருந்து ஒரு சட்டியில் பால் ஊற்றுகிறாள். மேசையில் ரொட்டி, ஒரு கூடை, ஒரு நீல ஜாடி. இடது பக்கம் ஜன்னல். அவ்வளவுதான். டச்சு மொழியில் இதை 'மெல்க்மெய்ஸ்யெ', பால்காரப் பெண் என்பார்கள். பெயரே தப்பு. பால்காரி என்றால் மாடு கறப்பவள். இவள் ஒரு வீட்டில் சமையலுக்கு இருப்பவள். முழங்கை வரை சுருட்டிய சட்டைக் கை, வெயில் பட்டுக் கறுத்த மணிக்கட்டு, அதற்கு மேலே வெளுப்பு. துணி மூடியிருக்கும் இடத்துக்கும் மூடாத இடத்துக்கும் உள்ள அந்த நிற வித்தியாசத்தைப் பார்த்ததும் எனக்கு என் சித்தியின் கை ஞாபகம் வந்தது.

நான் அதிக நேரம் பார்த்தது அவளை அல்ல, அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. வெள்ளைச் சுவர் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் வெள்ளை எங்கேயும் இல்லை. பழைய ஆணி பிடுங்கிய ஓட்டைகள், காரை பெயர்ந்த இடங்கள், கறை. மேலே ஓர் ஆணி மட்டும் இன்னும் அடித்தபடி இருக்கிறது, அதற்கு ஒரு குட்டி நிழலும் உண்டு. ஜன்னலில் ஒரு கண்ணாடிச் சில் உடைந்திருக்கிறது. அதை மாற்ற அந்த வீட்டுக்காரர்களுக்கு நேரமோ காசோ இல்லை போலிருக்கிறது. ரொட்டியின் மேலோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வெளிச்சத்தை வைத்திருக்கிறார். பக்கத்தில் போனால் வெறும் சாயப் பொட்டுகள். இரண்டடி பின்னால் வந்தால் மொறுமொறுப்பு கேட்கிறது. அவள் இடுப்புத் துணியின் நீலம் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்து எடுத்தது, அந்தக் காலத்தில் மிக விலை உயர்ந்த சாயங்களில் ஒன்று. வேலைக்காரியின் ஏப்ரனுக்கு அதைச் செலவழித்திருக்கிறார் மனிதர்.

கீழே வலது மூலையில் தரையில் ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கிறது. கால் சூட்டுப் பெட்டி, உள்ளே தணல் வைத்துக் காலைச் சூடாக்கிக்கொள்வது. அதற்குப் பின்னால் சுவரோரமாகப் பதித்த ஓடு ஒன்றில் மன்மதன். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, இவள் காதல் நினைப்பில் இருக்கிறாள் என்று எழுதியவர்கள் உண்டு. அந்தக் கால டச்சு அன்றாட வாழ்க்கைப் படங்களில் வேலைக்காரி என்றாலே சோம்பேறி, திருடி, அல்லது ஆண்களைப் பார்த்துக் கண்ணடிப்பவள். அந்த மரபை வெர்மீர் அறிந்திருப்பார்தான். ஆனால் என் கண்ணுக்கு இவள் பாலைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. சிந்தாமல் ஊற்ற வேண்டும். அது முழுக் கவனம் கேட்கிற வேலை.

அன்று ராத்திரி ஓட்டல் அறையில் இந்தப் படத்தின் உடைமை வரலாற்றைத் தேடி எடுத்தேன். படித்ததும் கிட்டத்தட்ட வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அச்சு அசலாக வில்லங்கச் சான்று. பெயர், தேதி, தொகை, அடுத்த பெயர். உடனே அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். ஊரில் நடுராத்திரி என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனால் கண்புரை அறுவைக்குப் பிறகு அவர் தூங்குவதே குறைவு.

"படிம்மா, கேட்போம்" என்றார்.

முதல் கண்ணியிலேயே அப்பா நிறுத்தினார். படம் வரையப்பட்டது 1658 - 1660 வாக்கில், டெல்ஃப்ட் நகரத்தில். அதை முதலில் வாங்கியவர்கள் அதே ஊரைச் சேர்ந்த பீட்டர் வான் ரைவன், அவர் மனைவி மரியா டி க்னைட் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பணக்காரத் தம்பதி. வெர்மீரின் படங்களில் பாதிக்கு மேல் இவர்களிடம்தான் போயிருக்கின்றன. ஆனால் இந்தப் படத்தை வாங்கியதற்குச் சீட்டு ஏதும் கிடையாது. இருப்பது வேறு இரண்டு தாள்கள். 1657-ல் வான் ரைவன் வெர்மீருக்கும் அவர் மனைவி கதரினாவுக்கும் 200 கில்டர் (அந்தக் கால டச்சு நாணயம்) கடன் கொடுத்தார் என்பது ஒன்று. 1665-ல் எழுதிய உயிலில் மரியா அம்மாள் வெர்மீருக்கு 500 கில்டர் ஒதுக்கினார் என்பது இன்னொன்று.

"கடன் பத்திரம் இருக்கு, கிரயப் பத்திரம் இல்ல" என்றார் அப்பா. "கடனுக்குப் படத்தைக் கொடுத்துக் கழிச்சிருப்பான்."

அப்படி ஆதாரம் எதுவும் இல்லை என்றேன். "எங்கேயும் இருக்காது. அப்படிக் கொடுக்கல் வாங்கலை யாரும் எழுத மாட்டாங்க" என்றார். நாற்பது வருஷ அனுபவம் பேசுகிறது. நான் வாதாடவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். நெடுநாளாக எல்லோரும் வான் ரைவனைத்தான் புரவலர் என்று எழுதி வந்தார்கள். 2023-ல் ரைக்ஸ்மியூசியம் நடத்திய பெரிய வெர்மீர் கண்காட்சியின்போது வெளிவந்த ஆய்வு, உண்மையில் படங்களைத் தேடி வாங்கியவர் மரியாவாக இருக்கலாம் என்கிறது. ஓவியரும் அந்த அம்மாளும் சிறு வயதிலிருந்தே அக்கம்பக்கத்தில் வளர்ந்தவர்கள். உயிலில் பணம் எழுதி வைத்ததும் அவர்தானே.

சரி, அடுத்த கண்ணி. வான் ரைவன் 1674-ல் இறக்கிறார், மரியா 1681-ல், அடுத்த வருஷமே ஒரே மகள் மக்தலேனாவும் போய்விடுகிறாள். எல்லாம் அவள் கணவன் யாக்கோப் டிசியுஸ் கைக்கு வருகிறது. டெல்ஃப்ட் சந்தைத் திடலில் அச்சுக்கூடம் வைத்திருந்தவர். 1683-ல் எடுத்த சொத்துப் பட்டியலில் அவர் வீட்டில் இருபது வெர்மீர் படங்கள். இன்று உலகம் முழுவதும் தேடினாலும் முப்பத்தேழைத் தாண்டாத ஓவியரின் படங்கள் இருபது, ஓர் அச்சுக்கூடக்காரர் வீட்டுச் சுவர்களில்.

இதே காலத்தில் வெர்மீர் வீட்டில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1672-ல் பிரெஞ்சுப் படை உள்ளே வந்தது. படம் வாங்க ஆள் இல்லை. 1675 டிசம்பரில் வெர்மீர் இறந்தார், வயது நாற்பத்து மூன்று. ஒன்றரை நாளில் நல்லபடி இருந்தவர் இல்லாமல் போனார் என்று கதரினாவே மனுவில் எழுதியிருக்கிறார். பதினோரு பிள்ளைகள். அடுத்த மாதம் அந்த அம்மாள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ரொட்டிக்கடைக்காரர் ஹென்ட்ரிக் வான் பைட்டனிடம் கணவனின் இரண்டு படங்களைக் கொடுத்தது. பாக்கி 617 கில்டர் சொச்சம், ரொட்டிக்கு. வருஷத்துக்கு 50 கில்டராகக் கட்டிப் படங்களை மீட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

"அடமானம்" என்றார் அப்பா.

ஆமாம், போக்கியம் மாதிரி. ரொட்டிக்கடைக்காரருக்குப் படம் புதிதல்ல. 1663-ல் மோன்கோனி என்ற பிரெஞ்சுப் பயணி வெர்மீரைத் தேடி வந்தபோது காட்ட வீட்டில் ஒரு படமும் இல்லை. ஊரில் ஒரு ரொட்டிக்கடைக்காரரிடம் ஒன்று இருந்தது, இவராகத்தான் இருக்கும். அறுநூறு லிவ்ர் (பிரெஞ்சுப் பணம்) கொடுத்து வாங்கியது என்றார் கடைக்காரர். ஆறு பிஸ்டோல், அதாவது ஆறு தங்கக் காசு, கொடுத்தாலே அதிகம் என்று பயணி நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த ஆறு பிஸ்டோல் என்பது சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கு. ரசனையில் ரொட்டிக்கடைக்காரர்தான் ஜெயித்திருக்கிறார் என்பது என் தீர்ப்பு. பால்காரியின் மேசையில் அத்தனை ரொட்டியை அப்படி ஆசையாக வரைந்த மனிதர், குடும்பத்துக்கு ரொட்டிப் பாக்கியை வைத்துவிட்டுப் போனார்.

டிசியுஸ் இறந்த மறு வருஷம், 1696 மே 16 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஏலம். 21 வெர்மீர் படங்கள். பட்டியலில் இரண்டாவது எண்: பால் ஊற்றும் வேலைக்காரி, மிகச் சிறப்பாகச் செய்யப்பட்டது. 175 கில்டர். அன்று இதைவிட அதிகமாகப் போனது டெல்ஃப்ட் நகரக் காட்சி மட்டும்தான், 200. ரொட்டிப் பாக்கிக்கு இரண்டு படம் 617-க்கு ஈடாக நின்றதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பார்க்க வேண்டும்.

வாங்கியவர் ஐசக் ரோலேவ், வணிகர். பட்டியலில் முதல் எண்ணான 'தராசு பிடித்த பெண்' படத்தையும் 155 கில்டருக்கு அவரே எடுத்தார். ஐந்தே வருஷத்தில் திவால். 1701 ஏப்ரலில் அவர் சொத்து ஏலத்துக்கு வந்தது. தராசுக்காரி 113-க்கு இறங்கினாள். பால்காரி 320-க்கு ஏறினாள். அடுத்து யாக்கோப் வான் ஹூக். 1719-ல் அவருடைய ஏலத்தில் பட்டியல்காரர் இதைப் 'புகழ்பெற்ற பால்காரி' என்றே எழுதுகிறார். விலை மட்டும் 126-க்கு விழுந்தது. புகழ் வேறு, ஏல நாளன்று கூடத்தில் எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பது வேறு.

வெர்மீரை உலகமே மறந்துவிட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கண்டுபிடித்தார்கள் என்று எல்லா இடத்திலும் படிக்கிறோம். பல படங்களில் அவர் கையெழுத்தை விட்டுவிட்டு வேறு ஓவியர் பெயரை ஒட்டி விற்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் படத்தின் பத்திரக் கட்டைப் பார்த்தால் அந்தக் கதை அவ்வளவு பொருந்தவில்லை. ஆம்ஸ்டர்டாம் ஏலக்காரர்கள் யாரும் பால்காரியை மறக்கவேயில்லை.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பெயர்: லேன்டர்ட் பீட்டர் டி நெவ்வில். வங்கிக்காரர், வணிகர், 1756 முதல் 1763 வரை ஐரோப்பாவில் நடந்த ஏழாண்டுப் போரில் பணம் கொழித்தவர். 1763-ல் போர் முடிந்ததும் அவரும் பெர்லின் வணிகர் கோட்ஸ்கோவ்ஸ்கியும் சேர்ந்து, ரஷ்யப் படை விட்டுப்போன தானியக் கிடங்குகளைக் கடனில் வாங்கினார்கள். தானிய விலை விழுந்தது. கை மாற்றி மாற்றி எழுதிய உண்டியல்கள், அதாவது வணிகர்களின் கடன் சீட்டுகள், பணமாகாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அந்தக் கோடையில் டி நெவ்வில் நிறுவனம் விழுந்தது. அதோடு ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், பெர்லின் என்று பல ஊர்களில் வணிக வீடுகள் வரிசையாகச் சாய்ந்தன. கோட்ஸ்கோவ்ஸ்கி தன் கடனைத் தீர்க்கத் தன்னிடமிருந்த ஓவியங்களை ரஷ்யப் பேரரசி கேத்தரீனிடம் 1764-ல் கொடுத்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் ஆரம்பம் அதுதான். டி நெவ்வில் படங்கள் 1765 ஜூனில் ஏலம் போயின. பால்காரிக்கு 560 கில்டர். கொஞ்சம் மாறியிருந்தால் இவளும் ரஷ்யாவுக்குப் போயிருப்பாள்.

"ரெண்டு திவால் பார்த்த சொத்து" என்றார் அப்பா. "ராசியில்லைன்னு நம்ம ஊர்ல ஒருத்தனும் வாங்க மாட்டான்."

அங்கே வாங்கினார்கள். 1768-ல் 925. 1798-ல் யான் யாக்கோப் டி ப்ரைன் வீட்டு ஏலத்தில் 1,550. பிறகு ஹென்ட்ரிக் மைல்மன் என்பவர். 1813 ஏப்ரல், மைல்மன் ஏலத்தில் 2,125 கில்டர். வாங்கியவர் பெயர் லுக்ரேசியா யோஹன்னா வான் விந்தர்.

இந்த அம்மாளிடம் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். 1785-ல் பிறந்தவர். அப்பா பீட்டர் வான் விந்தர் பெரிய ஓவியச் சேகரிப்பாளர். அவர் இறந்ததும் படங்கள் இரண்டு மகள்களுக்கும் பாகமாகின. பாகத்தில் வந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை லுக்ரேசியா, தானே வாங்கத் தொடங்கினார். அப்போது கல்யாணமாகவில்லை. நாடு நெப்போலியன் கையில், வணிகம் படுத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் இருபதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு பெண், 117 வருஷமாக ஆண் வணிகர்கள் வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஒரு படத்தைத் தன் பணத்தில் வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டுகிறார். அதற்கப்புறம் பால்காரி ஏலக் கூடத்தையே பார்க்கவில்லை.

1822-ல் ஹென்ட்ரிக் சிக்ஸ் என்பவரை லுக்ரேசியா மணந்தார். புகழ்பெற்ற டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1654-ல் உருவப்படம் வரைந்த யான் சிக்ஸின் வம்சம். பால்காரி சிக்ஸ் குடும்பத்துக்குச் சொந்தமானாள். அடுத்த எண்பது வருஷமும் புத்தகங்களில் 'சிக்ஸ் தொகுப்பு' என்றுதான் வருகிறது. நல்ல வேளை, பத்திரத்தில் லுக்ரேசியாவின் பெயர் இருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் சீதன நிலம் யார் பெயரில் விற்பனையானது என்பது எங்கள் வீட்டில் பேசப்படாத விஷயம்.

1905-ல் சிக்ஸ் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இறக்க, வாரிசுகள் விற்க முன்வந்தார்கள். பால்காரியோடு சேர்த்து 39 படங்கள், சுமார் ஏழரை லட்சம் கில்டர். ரெம்ப்ராண்ட் சங்கம் என்ற கலை ஆர்வலர் அமைப்பு பணம் திரட்டியது, மிச்சத்தை அரசு கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் ரகளை. ஒரு படத்துக்காக மற்ற 38-ஐயும் தலையில் கட்டுகிறார்கள் என்று ஒரு தரப்பு, விட்டால் அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்று இன்னொரு தரப்பு. ஃப்ரிட்ஸ் லுக்ட் என்ற இளைஞர், ஏல நிறுவனத்தில் வேலை பார்த்தவர், இந்தக் கொள்முதல் தேவையா என்று பிரசுரமே வெளியிட்டார். பிற்காலத்தில் ஓவியச் சேகரிப்புகளின் உடைமை வரலாற்றை ஆராய்வதில் பெரும் புள்ளியானவர் இதே லுக்ட் என்பது வேடிக்கை. பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் வந்தது: அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் ஒரு பக்கம், நடுவில் பால்காரி. கடைசியில் 1908-ல் அரசு வாங்கியது. எனக்கு வாங்க வேண்டாம் என்றவர்கள் மேலும் கோபமில்லை. பொதுப் பணம் ஏழரை லட்சம் போகும்போது நாலு பேர் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

அமெரிக்கா பற்றிய பயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் பால்காரியை அனுப்பினார்கள். அங்கே இருக்கும்போதே போர் வெடித்தது. மறு வருஷம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது. ரைக்ஸ்மியூசியத்தின் மற்ற படங்கள் பதுங்கு அறைகளுக்கும் மலைக் குகைகளுக்கும் ஓட, இவள் டெட்ராய்ட்டிலும் நியூயார்க்கிலும் பத்திரமாக இருந்தாள். போர் முடிந்து ஊர் திரும்பினாள். யார் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தார்களோ, அவர்கள்தான் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

"அவ்வளவுதான்பா, இப்ப அரசாங்கச் சொத்து" என்றேன்.

"இன்னும் ஒன்னு பாக்கி" என்றார் அப்பா. "சொத்து விவரம் படிக்கலையே."

பத்திரத்தில் சொத்து விவரம் என்று கடைசியில் வருமே, நான்கு எல்லை, அளவு, அதற்குப் பிறகு அந்தப் பழைய பாட்டு: நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் உட்பட. பூமிக்குள் புதைந்த பொருளும் தண்ணீரும் மரமும் கல்லும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன் என்று பொருள். சின்ன வயதில் நான் அதை மனப்பாடமாகச் சொல்வேன்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. 2022-ல் ரைக்ஸ்மியூசியம் இந்தப் படத்தை அகச்சிவப்புக் கதிர்களால் வருடிப் பார்த்தது. நான் மதியம் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த வெறும் சுவர், அது வெறும் சுவராகத் தொடங்கவில்லை. அவள் தலைக்குப் பின்னால் ஜாடிகளைக் காதைப் பிடித்துத் தொங்கவிடும் ஒரு மரச் சட்டத்தை வெர்மீர் முதலில் வரைந்திருக்கிறார். கீழே வலது மூலையில், இப்போது கால் சூட்டுப் பெட்டி இருக்கும் இடத்தில், ஒரு பிரம்புக் கூடை. உள்ளே தணல் வைத்து, மேலே குழந்தைத் துணி உலர்த்துவதற்கும் பச்சைக் குழந்தைக்குச் சூடு கொடுப்பதற்கும் உள்ளது. ஜாடிச் சட்டம், தணல் கூடை இரண்டுமே வெர்மீர் இறந்த பிறகு எடுத்த அவர் வீட்டுச் சாமான் பட்டியலில் இருக்கின்றன. இரண்டையும் பாதியில் விட்டு, மேலே சுவரைப் பூசிவிட்டார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கணக்குப் போடுகிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"அப்ப அந்த அச்சுக்கூடக்காரன் வித்ததுல சட்டமும் கூடையும் அடக்கம்."

"அடக்கம்."

"திவாலானவனுக்கும் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுப்பா."

"175-க்குள்ளயே" என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கூடை எந்த மூலைன்னு சொன்னே? போனைக் கொஞ்சம் கிட்டக் காட்டு."